கடைசி நாலு நொடி

செப்டம்பர் 4, திங்கள்

நிலாவில் நம் ஆட்கள் ராக்கெட்டை இறக்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வங்கிகள் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கின்றன. தக்காளி விலை இப்போதுதான் தரைக்கு வந்திருக்கிறது. என் பெண் சரோஜினி மருந்து குடித்துச் செத்துப் பன்னிரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆகின்றன. அந்த வருஷம் இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் நஞ்சப்பன், வயது எழுபத்து நான்கு. முப்பத்தெட்டு வருஷம் மண்டியில் மூட்டை தூக்கியவன். இப்போது கோவை கணபதியில், பஸ்ஸில் வைக்கிற கேமராப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். டீ வாங்கி வருவது பாதி வேலை. பிளக்கைப் பிடுங்குவது மீதி வேலை. பெட்டி படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் கரண்டை நிறுத்த வேண்டும். மறுபடி போட்டு, கடைசிவரை படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

இன்ஜினியர் ஷர்மிளா கழித்துப்போட்ட ஒரு பெட்டியில் மைக் மாட்டிக் கொடுத்தாள். "தெனமும் என்ன பாத்தீங்களோ இதுல பேசி வையுங்க தாத்தா. சனிக்கிழமை கேட்டு நான் டைப் பண்ணிக்கறேன். உங்க ஞாபகசக்தி எங்க யாருக்கும் இல்ல" என்றாள். அது உண்மைதான். பேசி வைக்கிறேன். யாராவது எழுத்தில் எடுத்தால் நல்ல தமிழில் எடுக்கட்டும்.

இன்று நாற்பது பிடுங்கல். எல்லாவற்றிலும் கடைசிவரை படம் இருந்தது.

செப்டம்பர் 9, சனி

படம் இருக்கிறது, ஆனால் தத்தித் தத்தி ஓடுகிறது. முதலாளி பிரபாகர் சத்தம் போட்டார். பஸ்காரர்கள் நாலு கேமரா கேட்கிறார்களாம், பெட்டி இரண்டுக்கே மூச்சு வாங்குகிறதாம்.

எனக்குப் புரியவில்லை என்றேன். ஷர்மிளா நான் மண்டிக்காரன் என்பதால் அந்தப் பாஷையில் சொன்னாள்.

"லாரியிலருந்து மூட்டைய வாசல்ல எறக்கிப் போட்டுட்டு, வேலை முடிஞ்சுதுன்னு சொல்றது ஒரு வழி தாத்தா. வேகமா ஆகும். ஆனா மழை வந்தா வாசல்ல கெடக்கறது போச்சு. கரண்டு போறதுதான் மழை. அதனால நாம வாசல்ல வெக்கறதே இல்ல. ஒவ்வொரு மூட்டையும் நேரா குடோனுக்குள்ள, அடுக்கிட்டு வந்துதான் சொல்றோம்."

"அதுக்கு நேரமாகுமே அம்மிணி."

"அதான் திட்டு வாங்கறேன்."

ஒவ்வொரு மூட்டைக்கும் குடோன்காரனைக் கூப்பிட்டு, இடம் கேட்டு, பேரேட்டில் எழுதி, பூட்டித் திறந்து. நான் அப்படி வேலை பார்த்திருக்கிறேன். ஆள் செத்துப்போவான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

விநாயகர் சதுர்த்திச் சுண்டல் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். உப்புக் கூடிவிட்டது. என் வீட்டுக்காரி மரகதம் இருந்தபோது கூடினது இல்லை.

ஷர்மிளா வழி கண்டுபிடித்துவிட்டாள். மூட்டை வரும் முன்பே குடோனில் சாக்பீஸால் கோடு போட்டு இடம் பிடித்துவிடுவது. பேரேட்டிலும் 'இத்தனை மூட்டை இருக்கிறது' என்று முதலிலேயே எழுதிவிடுவது. பிறகு நாலு நொடிப் படத்தைச் சேர்த்து ஒரே நடையில் உள்ளே தூக்கிப் போடுவது. நாலு கேமராவும் வழவழவென்று ஓடுகின்றன. பிரபாகர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நான் கேட்டேன், "பேரேட்டுல எழுதிப்போட்டு, மூட்ட உள்ள போறதுக்குள்ள மழ வந்துட்டா?"

"அந்த நாலு நொடி போயிரும். பரவால்ல. அந்த எடம் காலியா இருக்கும்."

"காலியா எப்புடி இருக்கும்? அந்த எடத்துல முன்ன அடுக்குன பழைய மூட்ட கெடக்குமல்ல."

"பழசெல்லாம் அழிச்சாச்சு தாத்தா."

பேரேட்டில் அடித்துவிட்டால் குடோனில் மூட்டை மறைந்துவிடுமா என்று கேட்க நினைத்தேன். பிரபாகர் டீ கேட்டார். போய்விட்டேன்.

அக்டோபர் 6, வெள்ளி

இன்று பதினேழாவது பிடுங்கலில் ஒன்று பார்த்தேன்.

சோதனைக் கேமரா மேசையைப் பார்த்தபடி இருக்கும். இன்று மேசையில் காகிதக் கப். கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்த்தால் கடைசி நாலு நொடியில் மேசைமேல் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அந்த டம்ளர் திங்கட்கிழமையே நசுங்கிப் போய்த் தூக்கி எறிந்தாகிவிட்டது.

ஷர்மிளாவைக் கூப்பிட்டேன். அவள் படத்துக்கு மேலே ஓடும் எழுத்தைக் காட்டினாள். "இன்னிக்குத் தேதி, இன்னிக்கு நேரம், நொடிகூடத் தப்பல. டம்ளர எடுத்து நீங்களே வெச்சிருப்பீங்க."

பிரபாகர் சிரித்தார். "பெருசு, கண்ணுக்கு ஆப்ரேசன் எப்போ?"

தேதியைப் பெட்டி தன் பேரேட்டைப் பார்த்து மேலே போடுகிறது. படத்துக்குள் தேதி இல்லை. இதை எனக்குச் சொன்னதே ஷர்மிளாதான். அவர்கள் எழுத்தைப் படித்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம், பெட்டிக்குள் படம் பதிகிற அந்தக் கார்டில் வேறு படம் ஏற்றிவிட்டார்கள்.

அக்டோபர் 13, வெள்ளி

செவ்வாய் ஒரு தடவை, இன்று ஒரு தடவை. ஆக மூன்று. மூன்றும் மூலை உடைந்த அந்தப் பழைய கார்டில். பல தடவை நிரம்பி, திரும்பத் திரும்ப எழுதின கார்டு. புதுக் கார்டில் ஒரு தடவைகூட வரவில்லை. ஷர்மிளாவிடம் சொல்லப் போனேன், போனில் இருந்தாள். தீபாவளிக்குள் நூற்றிருபது பஸ்ஸில் பெட்டி ஏற வேண்டுமாம். போன சனிக்கிழமையும் அவள் நான் பேசினதைக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டாள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி போனது. வேட்டி எடுக்கவில்லை.

நவம்பர் 23, வியாழன்

விடிகாலைப் பனியில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தனியார் பஸ், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய்ச் சொருகிவிட்டது. ஐந்து பேர் செத்துப்போனார்கள். நம் பெட்டி வைத்த பஸ்.

டிரைவர் பிழைத்துக்கொண்டான். பெயர் திருமூர்த்தி. என் மருமகன்.

நவம்பர் 27, திங்கள்

இரண்டு போலீஸ்காரர்கள் பெட்டியோடு கம்பெனிக்கு வந்தார்கள். பெரிய திரையில் போட்டார்கள். நான் டீத் தட்டோடு நின்றேன்.

வெளியைப் பார்க்கிற கேமராவில் பனிதான், ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பார்க்கிற கேமராவில் அவன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். முன்தலை வழுக்கை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், குனிந்து பனியைப் பார்த்து ஓட்டுகிறான். பிறகு கடைசி நாலு நொடி. ஒரு கையில் போன், காதில் வைத்துச் சிரிக்கிறான். அத்தோடு முடிந்தது.

"அஞ்சு உசுரு. சிரிக்கறான் பாருங்க" என்றார் எஸ்.ஐ.

"டைம் கரெக்டா இருக்கா?" என்று பிரபாகர் கேட்டார்.

ஷர்மிளா படித்துப் பார்த்து, "இருக்கு சார்" என்றாள்.

எல்லாரும் போனைப் பார்த்தார்கள், மேலே ஓடின எழுத்தைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு மேலே சாமி படத்தில் தொங்கின மாலையை யாரும் பார்க்கவில்லை. வண்டி எடுக்கும் முன் டிரைவர் காலையில் போடுகிற மாலை. பனியில் ஓட்டும்போது மஞ்சள் செவ்வந்தி, மொட்டு விரியாதது. கடைசி நாலு நொடியில் வாடின மல்லிகை. ஓடுகிற பஸ்ஸில் மாலை தானாக மாறாது. அந்தச் சிரிப்பு வேறு ஒரு நாளுடையது. வண்டி எங்கோ நின்றுகொண்டிருந்தபோது சிரித்ததாகத்தான் இருக்கும்.

எஸ்.ஐ. சர்க்கரை கம்மி என்றார். இன்னொரு டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

நவம்பர் 28, செவ்வாய்

சரோஜினி மூன்று தடவை வந்தாள். இரண்டாயிரத்துப் பத்து, கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், இடது கண் வீங்கி. அடுத்தது தை மாதம், சட்டி சுட்ட கையோடு. மூன்றாவது சித்திரையில், காயம் எதுவும் காட்டவில்லை, உட்கார்ந்தே இருந்தாள். மூன்று தடவையும் நானே கூட்டிப்போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர சீட்டுப் பிடித்துக் கொடுத்தேன். அப்போதெல்லாம் எல்லா அப்பன்களும் அதைத்தான் செய்தார்கள். ஆடியில் மருந்தைக் குடித்துவிட்டாள். அடித்தவன் அவன். ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

அந்த நாலு நொடி எல்லா டிவியிலும் ஓடுகிறது. சாலையில் அஜாக்கிரதை என்று போட்ட வழக்கை, போனில் சிரித்ததால் கொலைக்குச் சமமான பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜாமீன் இல்லை.

அவன் வீட்டில் ஆட்கள் கல் எறிந்தார்களாம். அவன் அம்மா ருக்மிணிக்கு நெற்றியில் பட்டு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. சட்டியைச் சுடவைத்துக் கொடுத்த கை அந்த அம்மாளுடையது. சேதி சொன்ன ஆளுக்கு மோர் கொடுத்தேன். ரேஷனில் துவரம்பருப்பு வந்திருந்தது, போய் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 18, திங்கள்

ஷர்மிளா சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது. திருமூர்த்தியின் வக்கீல் கேட்கிறாராம், பெட்டி தப்பாகக் காட்ட வழி உண்டா என்று.

"தாத்தா, முன்ன ஒரு தடவ டம்ளர்னு ஏதோ சொன்னீங்கல்ல?"

"காகிதக் கப்பு அம்மிணி. நாந்தான் மாத்தி வெச்சுட்டேன். நீங்களே சொன்னீங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எது மறந்திருக்குது?"

மூன்று நாளாக நாங்கள் இருவரும் பிடுங்குகிறோம். இருநூற்றுப் பத்துத் தடவை. எதிலும் பழைய படம் வரவில்லை. வராது. உறை பிரித்த புதுக் கார்டாகப் போட்டுப் பார்க்கிறாள். புதுக் குடோனில் பழைய மூட்டை எங்கே இருக்கும்? மூலை உடைந்த கார்டு சன்னல் பக்கத்து டப்பாவில், நட்டு போல்ட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. அவள் கை அந்த டப்பாமேல்தான் இருந்தது.

"ஒரு தடவ வந்தாப் போதும் தாத்தா, நான் எழுதிக் குடுத்துருவேன். வேலை போனாலும் பரவால்ல" என்றாள்.

பிடுங்கச் சொன்னபோது பிடுங்கினேன்.

ஜனவரி 3, புதன்

பிரபாகர் கோர்ட்டுக்குக் கடிதம் தயார் செய்தார். சோதனையில் ஒரு தடவைகூடப் பழைய படம் தோன்றவில்லை என்று. சோதித்த ஆள் என்று என் பெயர். ஷர்மிளா வாசித்துக் காட்டினாள். கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தேன்.

"பெருசு ரேகை வெச்சா அசைக்க முடியாது" என்றார் பிரபாகர். மை போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் லீவு. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண், பதினைந்து வயது, பள்ளிக்கூடத்துப் பையோடு.

"அப்புச்சி" என்றாள்.

அம்மாவைப் பெற்றவனைக் கூப்பிடும் அந்தச் சொல்லை என்னை நோக்கி யாரும் சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாகச் சொன்னதும் இவள்தான், மூன்று வயதில்.

"யாரு நீ?"

"தெரியுதுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்று படிக்கட்டில் உட்கார்ந்தாள். "அந்தப் பொட்டிக் கம்பெனியிலதான இருக்கறீங்க. பொட்டி பழைய படத்தக் காட்டுமுங்களா?"

"காட்டாது."

"அன்னைக்கு விடியால நாந்தான் செவ்வந்தி கட்டிக் குடுத்தேன். டிவியில அப்பா போன் பேசறப்ப மல்லிக தொங்குது. மல்லிக அதுக்கு முந்தின வாரம் கட்டுனது. போலீசுல சொன்னேன். ரெண்டு மாலையும் கெடந்திருக்கும், போ பாப்பான்னுட்டாங்க. வக்கீலு சொல்றாரு, கம்பெனி ஆளு ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, அப்புடி ஆகும்னு சொன்னாப் போதும், ஜட்ஜு கேப்பாருன்னு."

"கம்பெனி எழுதிக் குடுத்தாச்சு."

"உங்க ரேகை இருந்துதுங்க அதுல."

சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

"உங்கப்பன் எங்க பொண்ண அடிச்சே கொன்னவன்" என்றேன்.

"அடிச்சாரு. எனக்குந் தெரியும். அதுக்கு உள்ள வெச்சிருந்தா நான் உங்க வாசலுக்கு வந்திருக்க மாட்டேன். இதுக்கு வெச்சிருக்காங்க."

"நான் பாத்ததத்தான் சொல்லுவேன். பாத்தது எதையும் நான் மறக்கறதில்ல."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்ப எங்கம்மா எத்தன தடவ இங்க வந்தாங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"மூணு."

"நாலுங்க. நாலாவது தடவ நீங்க மண்டிக்குப் போயிருந்தீங்க. அம்மாயி சோறு போட்டுட்டு, அவரு வர்றதுக்குள்ள கெளம்பீரு, பாத்தா மறுபடி பஸ்ல ஏத்தி உட்டுருவாருன்னு சொல்லி அழுதாங்களாம். அம்மா என்னையத் தூக்கீட்டு அவங்களா பஸ் ஏறீட்டாங்க. அடுத்த நாளுதான் மருந்து. அம்மாயி சாகறதுக்கு முன்னால எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்கிட்டச் சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லலன்னாங்க."

மரகதம் என்னோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்து செத்தாள். பெண் போன துக்கம் என்று நினைத்திருந்தேன்.

"காட்டுமுங்களா, காட்டாதுங்களா?" என்றாள்.

"காட்டாது."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். கொடியிலிருந்து விழுந்து கிடந்த என் துண்டை எடுத்து, உதறிப் போட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 18, வியாழன்

தலைவலி.

ஜனவரி 23, செவ்வாய்

டப்பாவிலிருந்து மூலை உடைந்த கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஷர்மிளா ஒரு வாரம் லீவாம், அவள் அம்மாவுக்கு ஆப்ரேசன். வந்ததும் கொடுத்து, இதைப் போட்டுப் பிடுங்கிப் பார் அம்மிணி என்று சொல்லிவிடலாம். வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 29, திங்கள்

ஷர்மிளா வந்துவிட்டாள் என்று வாட்ச்மேன் போன் செய்தான். கிளம்பினேன். சிலிண்டர் வரும் என்று சொன்னார்கள். சிலிண்டர் போனால் பத்து நாள் ஆகும். இருந்துவிட்டேன். மூன்று மணிக்கு வந்தது.

ஜனவரி 30, செவ்வாய்

போனேன். ஷர்மிளா, "தாத்தா, ரேகை வெச்சதுல உங்களுக்கு ஒண்ணும் உறுத்தலையே?" என்று அவளாகவே கேட்டாள். கை சட்டைப்பையில்தான் இருந்தது. இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதில் பேசி வைக்க என்னிடம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒன்றையே சொல்லிவந்த வாய்.

நாளைக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

திருமூர்த்தி செத்துப்போனான். சிறையில், விடிகாலையில். நெஞ்சுவலி என்கிறார்கள். வயது நாற்பத்தாறு.

டிவியில் மறுபடியும் அந்த நாலு நொடியைப் போட்டார்கள். சிரித்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 5, திங்கள்

கார்டை ஷர்மிளா மேசையில் வைத்தேன். "இதுல பாருங்க" என்றேன். ஏழாவது பிடுங்கலில் வந்தது. மேசைமேல் நசுங்காத டம்ளர், அதற்கு மேலே இன்றைய தேதி.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"எப்பருந்து தெரியும்?"

"அக்டோபர் ஆறு. பதினேழாவது பிடுங்கல்."

"என்னைய இருநூறு தடவ பிடுங்க உட்டீங்களே."

"இருநூத்திப் பத்து."

அதற்குப் பிறகு அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடவில்லை.

மார்ச் 11, திங்கள்

ஷர்மிளா வேலையை விட்டுவிட்டாள். போகும் முன் எல்லாப் பெட்டியையும் சரிசெய்துவிட்டாள். இப்போது மூட்டை உள்ளே இறங்கின பிறகுதான் பேரேட்டில் எழுத்து ஏறும். வேகம் குறையவில்லை. ஒரு வரிதான் இடம் மாற்றினாளாம். பிரபாகர் புதுப் பெட்டிக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார். பழைய பெட்டி பற்றி யாரும் பேசக் கூடாது.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். செத்தவன்மேல் வழக்கு இல்லை, முடிந்துவிட்டது என்றார். "இப்ப எதுக்குங்கய்யா வந்தீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் பேசின எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. பிரபாகரிடம் கொடுத்தால் உடைத்துப்போடுவார். போலீசில் கொடுத்தால் மூலையில் போடுவார்கள். நாளைக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறப்போகிறேன். அந்தப் பெண் இப்போது தங்கியிருக்கிற அரசாங்க விடுதி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். முகத்தில் விட்டெறிந்தாலும் சரி, கேட்டாலும் சரி, உரியவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

உரியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தேன். சரோஜினி இல்லை. மரகதம் இல்லை. ருக்மிணி இல்லை. திருமூர்த்தி இல்லை. என்னை நான் சேர்க்கவில்லை. இரண்டு வீட்டிலும் சேர்த்து உயிரோடு மிச்சம் இருப்பவள் ஒருத்திதான். பிறந்த பதினாறாம் நாள் அவள் காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொன்னவன் நான், அதற்குப் பிறகு இந்தப் பெட்டியில்கூடச் சொன்னதில்லை.

பூங்கோதை.